யூஎஸ்பி சாதனம் அடிக்கடி விட்டுப்போகிறதா? சிறு லினக்ஸ் கணினியில் மின்சாரக் குறையைக் கண்டுபிடிக்கும் முறை

ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியில் மின்சாரக் குறை பெரும்பாலும் வேறு வேடத்தில்தான் வரும். ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டதைப் போலவும், வைஃபை டாங்கிளின் டிரைவர் சரியில்லாததைப் போலவும், எஸ்டி கார்டு பழுதானதைப் போலவும் அது தோன்றும். கோப்பு முறைமை திடீரென்று படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். விசைப்பலகை சில நொடிகள் உறைந்து மீளும். எதையாவது செருகிய கணத்தில் கணினி முழுவதும் ரீபூட் ஆகும். இந்த அறிகுறிகளைக் கண்டவுடன் சாதனத்தை மாற்றுவதில் இறங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். காப்புப் பிரதிக்காக வைத்திருந்த சிறிய ஹார்டு டிஸ்க் 'டிக், டிக்' என்று ஒலித்தபடி சுழலத் தொடங்கி உடனே அடங்குவதைக் கேட்டு, டிஸ்க் போய்விட்டது என்றே முடிவு கட்டிப் புதிதாக ஒன்றை வாங்கினேன். அதுவும் அதே தாளத்தில் ஒலித்தபோதுதான் சந்தேகம் பலகைக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிளின் பக்கம் திரும்பியது. கேபிளை மாற்றினேன், பழைய டிஸ்க்கும் புதிய டிஸ்க்கும் ஒருசேர வேலை செய்தன.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன்னும் எதையும் ஃபார்மட் செய்வதற்கு முன்னும் கர்னல் (வன்பொருளோடு நேரடியாகப் பேசும் லினக்ஸின் மையப் பகுதி) என்ன சொல்கிறது என்று கேட்பதுதான் முதல் வேலை.

கர்னல் பதிவைப் படித்தல்

டெர்மினலைத் திறந்து, கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையை (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்து) தொடர்ந்து காட்டச் சொல்லும் சிறிய டபிள்யூ விருப்பத்தோடும், நேரத்தை மனிதர் படிக்கும் வடிவில் தரும் பெரிய டி விருப்பத்தோடும் ஓடவிடுங்கள். அந்தச் சாளரம் அப்படியே இருக்க, தொல்லை தரும் சாதனத்தைப் பிடுங்கி, ஐந்து நொடி பொறுத்து, மீண்டும் செருகுங்கள். நல்ல நிலையில் இருக்கும் சாதனம் தன் வேகம், தயாரிப்பாளர் எண், பெயர் ஆகியவற்றை நான்கைந்து வரிகளில் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். மின்சாரம் போதாத சாதனமோ வந்ததாகச் சொல்லும், பிரிந்ததாகச் சொல்லும், மறுபடியும் புதிய எண்ணோடு வந்ததாகச் சொல்லும். சாதன எண் 4, 5, 6 என்று ஏறிக்கொண்டே போவதைக் கண்டால், அது இணைப்பை இழந்து மீண்டும் மீண்டும் பெறுகிறது என்று பொருள்.

பதிவில் தென்படும் வரிகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. 'ஓவர்-கரண்ட் சேஞ்ச்' என்ற வரி மிகத் தெளிவானது: போர்ட்டுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச் சிப், வரம்பைத் தாண்டிய இழுப்பை உணர்ந்திருக்கிறது. பல பலகைகளில் ஒரே சிப்பே எல்லாப் போர்ட்டுகளையும் காப்பதால், ஒரு சாதனம் செய்த தவறுக்கு எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் அணைந்துவிடுவதும் உண்டு. 'இன்சஃபிஷியன்ட் அவைலபிள் பஸ் பவர்' என்று முடியும் வரியும் ஐயத்துக்கு இடமற்றதே. சாதனம் கேட்ட அளவை அந்த ஹப்பால் (ஒரு இணைப்பைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் பகுதி) தர முடியாது என்று கர்னலே கணக்குப் பார்த்து மறுத்துவிட்டது. ஆனால் 'டிஸ்கிரிப்டர் ரீட்' என்ற சொற்களோடு வரும் -71, -110 ஆகிய பிழை எண்களை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. -71 என்பது நெறிமுறைப் பிழை, -110 என்பது காலக்கெடு கடந்துவிட்டது என்ற பிழை. மின்னழுத்தம் சரிந்தாலும் இவை வரும், தரவுக் கேபிள் பழுதானாலும் வரும், சாதனமே கெட்டிருந்தாலும் வரும்.

வரியின் தொடக்கத்தில் இருக்கும் 1-1.2 போன்ற எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. அது சாதனத்தின் முகவரி: முதல் பஸ்ஸில், முதல் போர்ட்டில் இருக்கும் ஹப்பின் இரண்டாம் போர்ட். 1-1.1, 1-1.2, 1-1.3 மூன்றும் ஒரே நொடியில் பிரிந்தால் குற்றவாளி அவற்றுக்கு மேலே இருக்கும் ஹப்போ அதற்கும் மேலே இருக்கும் மின்வழங்கியோதான், 1-1.2 மட்டும் பிரிந்தால் அந்தச் சாதனத்தையும் அதன் கேபிளையும் பாருங்கள். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைச் சிறிய டி விருப்பத்தோடு இயக்கினால் இந்த அமைப்பை மரமாகவே காணலாம்.

கணினி ரீபூட் ஆகிவிட்டால் டிமெஸ்ஜ் காட்டுவது புதிய பூட்டின் செய்திகளை மட்டுமே. முந்தைய பூட்டின் கடைசி வரிகளைப் பார்க்க ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கர்னல் செய்திகளுக்கான கே விருப்பத்தோடும், பி விருப்பத்துக்கு -1 என்ற மதிப்போடும் இயக்க வேண்டும். பதிவுகள் நினைவகத்தில் மட்டும் வைக்கப்படும் அமைப்பில் இது பலன் தராது. வார் அடைவுக்குள் இருக்கும் லாக் அடைவில் ஜர்னல் என்ற அடைவை உருவாக்கி ஒருமுறை ரீபூட் செய்தால், பெரும்பாலான அமைப்புகளில் அதன் பிறகு பதிவுகள் நிலைத்திருக்கும்.

பலகைக்கே போதவில்லையா?

சாதனம் பட்டினி கிடக்கிறது என்றால் இரண்டு வழிகளில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். பலகைக்கே போதிய மின்னழுத்தம் வந்து சேரவில்லை. அல்லது பலகைக்கு வந்து சேர்ந்தும், போர்ட்டுகளுக்குத் தர அனுமதிக்கப்பட்ட அளவு போதவில்லை. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், எது என்று பிரித்தறிந்துவிட்டு மேலே செல்வது நல்லது.

ராஸ்பெரி பையின் பி பிளஸ் மாதிரி முதற்கொண்டு (ஜீரோ வரிசையைத் தவிர), உள்ளே வரும் 5 வோல்ட் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகையே அதைக் கண்டுபிடித்துவிடும். திரை இணைத்திருந்தால் மூலையில் மின்னல் குறி தோன்றும். பதிவில் 'அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்' என்ற வரி விழும். திரை இல்லாமல் ஓடும் கணினியில் விசிஜென்சிஎம்டி என்ற கட்டளையோடு 'கெட் த்ராட்டில்டு' என்ற சொற்களை அடிக்கோட்டால் இணைத்துக் கொடுங்கள். வரும் விடை பதினாறடிமான எண். 0 என்றால் குறையில்லை. 50005 போன்ற எண் வந்தால் அதை இரண்டு இலக்கங்களாகப் படிக்கலாம்: வலது ஓரத்து இலக்கம் இந்தக் கணத்தைச் சொல்கிறது; வலமிருந்து ஐந்தாவது இலக்கம் பூட் ஆனதிலிருந்து எப்போதாவது நடந்ததைச் சொல்கிறது. ஒவ்வொரு இலக்கத்திலும் 1 என்பது மின்னழுத்தக் குறை, 2 என்பது வேகத்துக்கு வரம்பிடப்பட்டது, 4 என்பது வேகம் குறைக்கப்பட்டது, 8 என்பது வெப்ப வரம்பு. எனவே 5 என்பது 1, 4 இரண்டும் சேர்ந்தது. 50000 என்று வந்தால் இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் இடையில் ஒருமுறையேனும் சரிந்திருக்கிறது. 80008 என்று வந்தால் அது வெப்பத்தின் வேலை; அடாப்டரை மாற்றிப் பயனில்லை, விசிறியைத் தேடுங்கள்.

இந்த எச்சரிக்கைகளைத் திரையில் காட்டாமல் மறைத்துவிடும் அமைப்பு ஒன்றும் இருக்கிறது. பல வழிகாட்டிகள் அதைத் தீர்வாகவே முன்வைக்கின்றன. மின்னழுத்தம் சரியும் கணத்தில் எஸ்டி கார்டில் எழுத்து நடந்துகொண்டிருந்தால் கோப்பு முறைமை சிதைய வாய்ப்புண்டு என்பதை நினைவில் கொண்டால், அந்த வழியை யாரும் நாட மாட்டார்கள்.

கேபிள் என்னும் முதல் சந்தேகம்

அடாப்டரின் மேல் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி, கேபிளை மறந்துவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. மெல்லிய கேபிள்களில் மின்சாரம் செல்லும் கம்பி 28 கேஜ் அளவில் இருப்பதுண்டு. அந்தக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்னோட்டம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் கேபிளில் மொத்தத் தடை 0.42 ஓமைத் தொடுகிறது. பலகை வெறுமனே இருக்கையில் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் வழியில் 0.21 வோல்ட் இழப்பு, 5.1 வோல்ட் தரும் அடாப்டரிலிருந்து 4.89 வோல்ட் வந்து சேர்கிறது, எல்லாம் நலம். டிஸ்க் சுழலத் தொடங்கி மொத்த இழுப்பு ஒன்றரை ஆம்பியரை எட்டும்போது இழப்பு 0.63 வோல்ட் ஆகி, பலகைக்கு 4.47 வோல்ட் மட்டுமே மிஞ்சுகிறது. அதே இடத்தில் இன்னும் தடித்த 24 கேஜ் கம்பி உள்ள கேபிள் இருந்தால் இழப்பு கால் வோல்ட் அளவில் நின்றுவிடும். கணினி சும்மா இருக்கும்போது குறையே தெரியாமல், வேலை கொடுத்தவுடன் மட்டும் விழுவதன் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கணக்கில் சேர்க்காத கனெக்டர்களின் தொடுதடை வேறு இருக்கிறது. பலமுறை செருகிப் பிடுங்கித் தளர்ந்த மைக்ரோ யூஎஸ்பி முனை ஒன்றே போதும்.

அளந்து பார்க்க விரும்பினால் அடாப்டரின் முனையில் அளப்பதில் பொருளில்லை. பலகையின் மேல், சுமை இருக்கும்போது அளக்க வேண்டும். ராஸ்பெரி பையின் நாற்பது முனை வரிசையில் 4ஆம் முனை 5 வோல்ட், அதற்கு அடுத்து அதே வரிசையில் இருக்கும் 6ஆம் முனை தரை (கிரவுண்ட்). மல்டிமீட்டரின் ஊசி வழுக்கி இவ்விரண்டையும் இணைத்துவிட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும், அருகிலுள்ள 3.3 வோல்ட் முனையில் 5 வோல்ட் பட்டுவிட்டால் பலகை பிழைப்பது அரிது. ஆகவே ஊசியை வெறுங்கையால் பிடித்து வைப்பதற்குப் பதில், பெண் முனையுள்ள இரண்டு ஜம்பர் கம்பிகளைக் கணினி அணைந்திருக்கும்போதே பொருத்திவிட்டு, பிறகு மின்சாரம் கொடுத்து அளப்பதே பாதுகாப்பு. ராஸ்பெரி பை 5 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். விசிஜென்சிஎம்டி கட்டளைக்கு 'பிஎம்ஐசி ரீட் ஏடிசி' என்ற சொற்களை அடிக்கோடுகளால் இணைத்துக் கொடுத்தால், உள்ளே வரும் 5 வோல்ட்டின் உண்மை அளவும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

சாதாரண மல்டிமீட்டர் நொடிக்குச் சில முறை மட்டுமே அளவைப் புதுப்பிக்கும். சில மில்லி நொடிகள் மட்டும் நீடிக்கும் சரிவு அதன் கண்ணில் படாது. மீட்டர் 4.95 என்று காட்டிக்கொண்டிருக்கப் பலகை மின்னழுத்தக் குறை என்று பதிவிட்டால், நான் பலகையைத்தான் நம்புவேன்.

போர்ட்டுகளின் வரவு செலவு

பலகைக்கு வரும் மின்னழுத்தம் சரியாக இருந்தும் சாதனம் விட்டுப்போகிறது என்றால், போர்ட் தரக்கூடிய அளவைப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி 2 தரநிலைப்படி ஒரு போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரையும், யூஎஸ்பி 3 தரநிலைப்படி 900 மில்லி ஆம்பியர் வரையும் தர வேண்டும். சிறு கணினிகளில் இந்தக் கணக்கு அப்படியே செல்லுபடியாவதில்லை; எல்லாப் போர்ட்டுகளுக்கும் சேர்த்து ஒரே வரம்பு இருக்கும். 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையின் தொடக்கப் பலகைகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 140 மில்லி ஆம்பியர் ஃபியூஸே இருந்தது. பி பிளஸ், பை 2 ஆகியவற்றில் மொத்த வரம்பு 600 மில்லி ஆம்பியர்; ஒரு அமைப்பை மாற்றினால் 1.2 ஆம்பியர். பை 3, பை 4 இரண்டிலும் எந்த அமைப்பும் இல்லாமலே 1.2 ஆம்பியர். பழைய பலகைகளுக்கான அந்த அமைப்பைப் புதிய பலகைகளிலும் எழுதச் சொல்லும் குறிப்புகள் இன்னும் உலவுகின்றன. எழுதினால் கேடில்லை, பயனும் இல்லை.

பை 5 சற்று வேறு மாதிரி. அது அடாப்டரோடு பேசி, 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கிடைக்கும் என்று உறுதியானால் யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தம் 1.6 ஆம்பியர் ஒதுக்கும். இல்லையென்றால் 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 65 வாட், 100 வாட் என்று எழுதிய லேப்டாப் சார்ஜர் இருக்கும்போது குறை எப்படி வரும் என்று நினைக்கத் தோன்றும். அந்தச் சார்ஜர் தன் முழு வாட்டைத் தருவது 20 வோல்ட்டில். 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். பை 5 அந்த உயர் மின்னழுத்தங்களைக் கேட்பதே இல்லை. ஆகவே பெரிய சார்ஜரை மாட்டியும் போர்ட்டுகளுக்கு 600தான் கிடைக்கிறது. இதே நிலையில் யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து பூட் செய்ய முயன்றால் அது மறுத்து, பவர் பொத்தானை அழுத்தித் தொடரச் சொல்லும். கான்ஃபிக் கோப்பில் 'யூஎஸ்பி மேக்ஸ் கரண்ட் எனேபிள்' என்ற அமைப்புக்கு 1 என்ற மதிப்புக் கொடுத்து வரம்பைத் தளர்த்தலாம். அடாப்டர் உண்மையில் 5 ஆம்பியர் தரக்கூடியது, ஆனால் அதைப் பேசிச் சொல்லத் தெரியாதது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். இல்லையென்றால் குறையைப் போர்ட்டிலிருந்து பலகைக்கு இடம் மாற்றியதாகத்தான் முடியும்.

சாதனம் எவ்வளவு கேட்கிறது என்பதை எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் வி விருப்பம் 'மேக்ஸ்பவர்' என்ற வரியில் காட்டும். அது சாதனம் தானே அறிவித்துக்கொண்ட எண், அளந்த எண் அன்று. இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் ஓடும்போது அரை ஆம்பியருக்குள் அடங்கினாலும், தட்டு சுழலத் தொடங்கும் ஓரிரு நொடிகளில் ஒரு ஆம்பியர் வரை இழுக்கலாம். இரண்டு டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் விழித்தால் 1.2 ஆம்பியர் எங்கே போதும்?

தனி மின்சாரம் உள்ள ஹப்

சுழலும் டிஸ்க் இருந்தால், என் கருத்தில், தன் சொந்த அடாப்டரோடு வரும் ஹப்பைத் தவிர நிலையான தீர்வு இல்லை. தனி அடாப்டர் இல்லாத ஹப் பிரச்சினையைக் கூட்டவே செய்யும். யூஎஸ்பி 2 தரநிலையில் அத்தகைய ஹப்பின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மில்லி ஆம்பியர்தான் உரிமை. இரண்டு முனைகளை இரண்டு போர்ட்டுகளில் செருகும் ஒய் வடிவக் கேபிளும் இங்கே உதவாது. இரு முனைகளும் ஒரே பலகையின் ஒரே மொத்த வரம்பிலிருந்துதான் இழுக்கின்றன.

ஹப் வாங்கும்போது அதன் அடாப்டரைப் பாருங்கள். நான்கு யூஎஸ்பி 3 போர்ட்டுகளும் முழு அளவைத் தர வேண்டுமானால் 3.6 ஆம்பியர் வேண்டும். 2 ஆம்பியர் அடாப்டரோடு விற்கப்படும் ஹப் இரண்டு டிஸ்க்குகளுக்கு மேல் தாங்காது. வாங்கி வந்தவுடன் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: ஹப்பை அதன் அடாப்டரோடு இணைத்து, தரவுக் கேபிளைக் கணினியில் செருகி, கணினியின் சொந்த மின்சாரக் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். பலகையின் விளக்கு அணையாமல் மங்கலாகவாவது எரிந்தால், ஹப் தன் மின்சாரத்தைத் தரவுக் கேபிள் வழியே பின்னோக்கித் தள்ளுகிறது. அப்படிப்பட்ட ஹப் இருக்கும்வரை கணினி முழுமையாக அணையாது. பூட் ஆகும்போது பாதி விழித்த நிலையில் சிக்கிக்கொள்ளவும் கூடும். அந்த ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

மின்சாரம் இருந்தும் உறங்கும் சாதனங்கள்

சில நேரங்களில் மின்சாரத்தில் குறையே இருக்காது. மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று லினக்ஸே சாதனத்தை உறங்கச் செய்திருக்கும். சில நொடிகள் சும்மா இருந்த பிறகு முதல் விசை அழுத்தம் மட்டும் தொலைவதும், ஒலிச் சாதனம் ஒவ்வொரு முறையும் 'டப்' என்ற ஓசையோடு தொடங்குவதும் இதன் அடையாளங்கள். ஹப்களைத் தவிர பெரும்பாலான சாதனங்களுக்குக் கர்னல் தானாக இதை இயக்குவதில்லை; பவர்டாப், டிஎல்பி போன்ற மின்சேமிப்புக் கருவிகளை எப்போதாவது நிறுவியிருந்தால் அவைதான் இயக்கியிருக்கும். சிஸ் அடைவில் அந்தச் சாதனத்தின் முகவரிக்குக் கீழே பவர் அடைவுக்குள் இருக்கும் கண்ட்ரோல் கோப்பைப் படியுங்கள். 'ஆட்டோ' என்று இருந்தால் உறங்க அனுமதி உண்டு. ரூட் உரிமையோடு 'ஆன்' என்று எழுதினால் உறக்கம் நீங்கும். அதில் குறை தீர்ந்தால், அந்தச் சாதனத்துக்கு மட்டும் ஒரு யூடெவ் விதி (சாதனம் செருகப்படும்போது தானாகச் செயல்படும் அமைப்பு) எழுதி நிலைப்படுத்துங்கள். கர்னல் கட்டளை வரியில் ஆட்டோசஸ்பெண்ட் மதிப்பை -1 ஆக்குவதும் வழிதான், ஆனால் அது எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்துப் பொருந்தும்.

மின்சாரக் குறை போலவே நடிக்கும் வேறு இரண்டையும் சொல்லிவிட வேண்டும். யூஎஸ்பியிலிருந்து சாட்டாவுக்கு (டிஸ்க்குகளின் இணைப்பு முறை) மாற்றும் சில பெட்டிகள் யூஏஎஸ் என்ற வேகமான முறையில் தடுமாறி, நல்ல மின்சாரத்திலும் மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகும். பதிவில் 'யூஏஎஸ்' என்ற எழுத்துகளோடு பிழைகள் வந்தால், அந்தப் பெட்டிக்கு மட்டும் யூஎஸ்பி ஸ்டோரேஜ் குவிர்க்ஸ் அமைப்பால் பழைய முறைக்கு மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி 3 இணைப்புகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுப்பதும் அறியப்பட்ட ஒன்று; டிஸ்க் ஓடும்போது மட்டும் கம்பியில்லா மவுஸ் தடுமாறினால், அதன் டாங்கிளை நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தாலே போதும்.

சரியானதா என்று சோதித்தல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் மின்சாரக் கேபிள், பிறகு அடாப்டர், பிறகு ஹப், கடைசியில் சாதனம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ரீபூட் செய்தால் முன்பு சொன்ன த்ராட்டில்டு எண் 0 ஆகிவிடும். அதன் பிறகு சுமை கொடுங்கள்: ஸ்ட்ரெஸ்-என்ஜி கருவியால் எல்லாக் கோர்களையும் ஓட்டிக்கொண்டே, டிடி கட்டளையால் டிஸ்க் முழுவதையும் படித்து, எதைக் கொடுத்தாலும் கைவிட்டுவிடும் 'நல்' என்ற போலிச் சாதனத்துக்கு அனுப்புங்கள். டிடியில் ஐஎஃப் என்பது படிக்கும் இடம், ஓஎஃப் என்பது எழுதும் இடம். ஓஎஃப் இருக்கும் இடத்தில் டிஸ்க்கின் பெயரைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், என்டர் தட்டுவதற்கு முன் அந்த வரியை வாய்விட்டு ஒருமுறை படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அரை மணி நேரம் கழித்தும் எண் 0 ஆகவே இருந்து, பதிவில் ரீசெட் வரி ஒன்றும் விழாமல் இருந்தால், அன்று இரவு காப்புப் பிரதி வேலையை அந்த டிஸ்க்கிலேயே ஓடவிடலாம்.